மனம் வந்த பிறகா நடப்பது?

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்தார் எனக்குத் தந்த தலைப்பு "பெண்களும் உடற்பயிற்சியும்". அந்தத் தலைப்பில் இருபது நிமிடம் கதைப்பது சுலபம். உடற்பயிற்சி நல்லது, சீனி குறையும், பிறஷர் குறையும், எலும்பு உறுதியாகும் என்று சொல்லிவிட்டு இறங்கலாம். ஆனால் இந்த மண்டபத்தில் அது தெரியாத ஒருவர்கூட இல்லை. தெரிந்தும் ஏன் செய்யாமல் இருக்கிறோம் என்பதைத்தான் நான் இன்றைக்குக் கதைக்க விரும்புகிறேன். தலைப்பைக் கொஞ்சம் திருப்பியதற்குச் செயலாளர் என்னை மன்னிக்க வேண்டும்.

கிளினிக்கில் சீனி வருத்தக்காரரிடம் நான் கேட்கும் வழக்கமான கேள்வி, "நடக்கிறீங்களா?" பதில்களும் வழக்கமானவைதான். "எங்க டொக்டர் நேரம்?" "முழங்கால் குத்துது." "விடிய வெளிக்கிட்டா றோட்டெல்லாம் நாய்." இவை பொய்யல்ல. ஆனால் பேனையை மேசையில் வைத்துவிட்டு இன்னும் இரண்டு நிமிடம் இருந்து கேட்டால், கடைசியில் சின்னக் குரலில் ஒரு வசனம் வரும்: "மனம் வருதில்ல டொக்டர்."

பல வருடங்களாக அந்த வசனத்தை நான் ஒரு சாட்டாகத்தான் எடுத்தேன். கிளினிக் கொப்பியில் "தினமும் 30 நிமிடம் நடக்கவும்" என்று எழுதிக் கீழே கோடும் போட்டு அனுப்பிவிடுவேன். அடுத்த மாதம் சீனி அப்படியே இருக்கும். கோடு இரண்டாகும். நோயாளி சொன்னது நோயின் ஒரு அறிகுறியாக இருக்கலாம் என்று யோசிக்க எனக்கு நீண்ட காலம் பிடித்தது.

எங்கள் மொழியில் இந்த "மனம்" என்ற சொல் ஒரு வேடிக்கையான சொல். "மனம் சரியில்லை" என்றால் கவலை, சோர்வு. "மனம் வரவில்லை" என்றால் விருப்பமில்லை, முயற்சி எழவில்லை. இரண்டுக்கும் ஒரே சொல்தான். வைத்தியப் புத்தகங்களில் இவை வேறு வேறு அத்தியாயங்களில் இருக்கும். நமது அம்மம்மாமார் இரண்டையும் ஒரே சொல்லுக்குள் வைத்திருந்தார்கள். இப்போது ஆராய்ச்சிகளைப் பார்த்தால், அவர்கள் வைத்த இடம் சரியாகத்தான் இருக்கிறது. சோர்ந்த மனமும் எழாத விருப்பமும் பெரும்பாலும் ஒரே நோயின் இரண்டு முகங்கள்.

அதே நேரத்தில், "மனமுண்டானால் மார்க்கமுண்டு" என்ற பழமொழியும் அவர்கள் தந்ததுதான். அதோடு எனக்குச் சின்ன மனத்தாங்கல் உண்டு. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. இங்கே இருப்பவர்கள் கடைசியாக ஓடியது எப்போது? பஸ்ஸைப் பிடிக்க ஓடியதைச் சொல்லவில்லை. எனது வகுப்புத் தோழியர் குழுவில் இதைக் கேட்டேன். பெரும்பாலானோர் சொன்ன பதில் ஒன்றுதான்: ஏ.எல். படித்த காலத்து இல்ல விளையாட்டுப் போட்டி. பதினெட்டு வயதில் அஞ்சலோட்டத்தில் தடியைக் கைமாற்றிக் கொடுத்ததோடு ஓட்டம் முடிந்துவிட்டது. அந்தத் தடி யாரிடம் இருக்கிறது என்று ஒருத்தி கேட்டாள்.

நாங்கள் படித்த தொண்ணூறுகள் எப்படிப்பட்ட காலம் என்று இங்குள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1990 ஜூனுக்குப் பிறகு எந்த வீட்டில் மனம் சரியாக இருந்தது? அப்பா வந்து சேர்வாரா, அண்ணாவைச் சோதனைச்சாவடியில் விடுவார்களா என்ற யோசனையோடுதான் வந்தோம். ஆனாலும் பி.ரி. பாடத்துக்கு மணி அடித்தால் மைதானத்தில் வரிசையாக நின்றோம். ரீச்சர் "உனக்கு இன்றைக்கு விருப்பமா?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. வெயிலுக்குள் வலைப்பந்து ஆடி, வியர்த்துக் களைத்து, பைப்படியில் முகம் கழுவும்போது காலையில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதை அப்போது நாங்கள் கவனிக்கவில்லை. மணி, வரிசை, பக்கத்தில் நிற்கும் தோழி ஆகிய மூன்றும் எங்கள் மனதின் வேலையைச் செய்தன. பாடசாலையை விட்டு வந்த பிறகு அந்த மூன்றும் போய்விட்டன. அதன்பின் எல்லாவற்றையும் மனம் தனியாகச் செய்ய வேண்டும் என்றாகிவிட்டது. சுகமாக இருக்கும் மனதுக்கே அது பெரிய சுமை.

சோர்ந்த மனதில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன்.

ஒரு வேலையைத் தொடங்க, அதனால் கொஞ்சம் சுகம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு வேண்டும். தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பதுகூட அப்படித்தான். மனச்சோர்வு பலரிடம் அந்த எதிர்பார்ப்பைத்தான் முதலில் அரிக்கிறது. அனுபவிக்கும் சக்தி உள்ளே மிச்சம் இருக்கும். பேரப்பிள்ளையைக் கையில் கொடுத்தால் முகம் மலரும். ஆனால் "போய்ப் பார்த்துவிட்டு வருவோம்" என்று எழும்ப முடியாது. வெளியில் இருந்து பார்ப்பவர்கள் "வந்தா நல்லாச் சிரிச்சுக் கதைக்கிறா, வரத்தான் பஞ்சி" என்பார்கள். சோம்பல் என்று தீர்ப்பெழுதுவது இந்த இடத்தில்தான்.

நல்ல சுகத்தோடு இருப்பவர்களுக்கும் இந்தக் கணக்குப் பிழைக்கிறது. கனடாவில் 2011இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்றில், உடற்பயிற்சிக்கு முன்னர் "இது உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும்?" என்று கேட்டு, முடிந்த பின்னர் "எவ்வளவு பிடித்தது?" என்றும் கேட்டார்கள். முன்னர் சொன்னதை விடப் பின்னர் சொன்னது கூட. காரணம், தொடங்க முன்னர் எங்கள் கண்ணில் படுவது முதல் சில நிமிடம் மட்டும்தான். சப்பாத்துத் தேட வேண்டும், உடுப்பு மாற்ற வேண்டும், உடம்பு பாரமாக இருக்கும். அதற்குப் பிறகு வருவது கண்ணுக்குத் தெரிவதில்லை. மற்ற ஆய்வில், ஒட்டாவாவில் ஒரு பல்கலைக்கழகத்தில், சிலரை வெளியே மரங்கள் உள்ள பாதையிலும் சிலரை உள்ளே சுரங்க நடைபாதையிலும் நடக்க விட்டார்கள். வெளியே நடப்பது எவ்வளவு சந்தோஷம் தரும் என்பதை நடக்க முன்னரே ஊகித்தவர்கள் குறைவாகவே ஊகித்திருந்தார்கள். வாவிக்கரையில் பிறந்து, வாவியைப் பார்க்காமலே மாதக்கணக்காகக் கழிக்கும் எங்களுக்கு இது நன்றாக விளங்கும்.

இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 2016இல் வெளிவந்தது. கைத்தொலைபேசி வழியாக 28,000க்கு மேற்பட்டவர்களிடம் நாளில் பல தடவை, "இப்போது மனநிலை எப்படி? என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். மனம் கொஞ்சம் இறங்கியிருக்கும்போது சாதாரண மனிதர் அடுத்துத் தேடியது விளையாட்டு, வெளியே போவது போன்று மனதைத் தூக்கும் வேலைகளை. மனம் நன்றாக இருக்கும்போதுதான் வீட்டு வேலை போன்ற சலிப்பான வேலைகளைக் கையில் எடுத்தார்கள். அதாவது மனதுக்குள் ஒரு சுக்கான் இருக்கிறது. தோணி ஒரு பக்கம் சாய்ந்தால் தானாகவே திருப்பும். அதே ஆய்வாளர்களில் சிலர் 2020இல் அடுத்ததைச் சொன்னார்கள்: மனநிலை பொதுவாகத் தாழ்ந்தவர்களிடமும் மனச்சோர்வுக்கு ஆளானவர்களிடமும் அந்தச் சுக்கான் சரியாக வேலை செய்வதில்லை. நடை யாருக்கு அதிகம் உதவுமோ, அவரிடம்தான் நடக்கத் தூண்டும் கருவி பழுதாகிக் கிடக்கிறது. அவரிடம் போய் "மனம் வைத்தால் முடியும்" என்று சொல்வது, சுக்கான் முறிந்த தோணிக்காரனிடம் "திருப்பு, திருப்பு" என்று கரையில் நின்று கத்துவது போன்றது. நான் பல வருடம் கரையில் நின்று கத்தியவள்.

இனி ஒரு அம்மாவின் கதை. அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஐம்பதைத் தாண்டியவர். பல வருடச் சீனி வருத்தம். குளிசையை ஒழுங்காகப் போடுவதாகச் சொல்வார், சீனியோ இறங்காது. எனக்கு முன் பார்த்தவர்களும் நடக்கும்படி எழுதியிருந்தார்கள். நான் என் பங்குக்குக் கொஞ்சம் அழகாகச் சொன்னேன்: "விடிய எழும்பிக் கடற்கரைப் பக்கம் நடங்க அம்மா, நல்ல காத்து." "ஓம் டொக்டர்" என்றார். அடுத்த மாதமும் அதையே சொன்னேன். "ஓம் டொக்டர்." மூன்றாவது மாதம் அவர் போன பிறகு மிஸி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னா: "டொக்டர், அவட ரெண்டு பிள்ளையையும் கடல்தான் கொண்டுபோனது. அதுக்குப் பிறகு அவ கடல் பக்கமே போறல்ல."

2004 டிசம்பர் 26இல் நாவலடியும் கல்லடியும் பட்டபாடு தெரிந்தவள் நான். அந்தக் கரையோர ஊர்களில் என்னோடு படித்தவர்களும் இருந்தார்கள். அப்படியிருந்தும் என் வாயில் இருந்து அந்த வார்த்தை வந்தது. அவர் என்னைத் திருத்தவும் இல்லை. ஓம் என்றார், அவ்வளவுதான்.

அடுத்த தடவை அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். நடையைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. ஒரு நாளில் என்ன செய்கிறார், எந்த நேரம் கொஞ்சம் பரவாயில்லை, எந்த நேரம் மோசம் என்று மட்டும் கேட்டேன். பின்னேரம்தான் மோசம் என்றார். நாலு மணியிலிருந்து இருட்டும் வரை. அது அவருடைய பிள்ளைகள் ரியூஷனுக்குப் போய்வந்த நேரம். தங்கையின் பேத்தி ஒருத்தி பக்கத்து வளவில் இருந்தாள். அவளும் அந்த நேரம்தான் ரியூஷனுக்குப் போவாள். "கூட்டிக்கொண்டு போய் விட்டுட்டு வாறீங்களா?" என்று கேட்டேன். போக வர இருபது நிமிடம். கடல் பக்கம் இல்லை, எதிர்ப் பக்கம்.

அவர் போனார். முதல் வாரம் இரண்டு நாள். அதற்குப் பிறகு பிள்ளை கடப்படியில் நின்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். போகாமல் இருக்க முடியவில்லை. சில மாதத்தில் சீனி இறங்கியது. மருந்தையும் அப்போது மாற்றியிருந்தோம், மனநலப் பிரிவிலும் காட்டினோம். ஆகவே முழுப் புகழையும் நடைக்குக் கொடுக்க மாட்டேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருடமும் டிசம்பரில் அவருடைய நடை நின்றுவிடும். வாடைக்காற்று, மாரி மழை, ஒழுங்கையெல்லாம் வெள்ளம், அதோடு அந்தத் திகதி. முன்பு தை மாதத்தில் கிளினிக்குக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு "விட்டுட்டன் டொக்டர்" என்பார். இப்போது நவம்பரிலேயே இரண்டு பேரும் கதைத்து வைத்துக்கொள்கிறோம்: டிசம்பரில் நடை இல்லை, விறாந்தையைக் கூட்டினால் போதும், தை பொங்கலுக்குப் பிறகு திரும்பத் தொடங்குவது என்று. விட்டுவிட்டோம் என்ற குற்றவுணர்வு இல்லாததால் திரும்பத் தொடங்குவது சுலபமாகிவிட்டது. 1978 நவம்பர் 23 சூறாவளியை நினைத்து இன்றும் மழைக்காலத்தில் நித்திரை கொள்ளாத பெரியவர்கள் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது பொருந்தும்.

அந்த அம்மாவுக்கு நான் செய்தது என்னுடைய கண்டுபிடிப்பல்ல. மனம் மாறும்வரை காத்திராமல் முதலில் செயலைச் சின்னதாகத் தொடங்கி வைப்பது, அதன் பின்னால் மனம் வருகிறதா என்று பார்ப்பது. மனச்சோர்வுக்கான இந்த முறை 1970களிலேயே உருவானது. அது எங்களைப் போன்ற ஊர்களிலும் பலிக்குமா என்பதைக் கோவாவில் பரீட்சித்தார்கள். வைத்தியர் விக்ரம் பட்டேலும் சங்காத் நிறுவனத்தினரும் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு, மனநல வைத்தியர்கள் அல்லாத, பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண ஆட்களைக் கொண்டு ஆறு முதல் எட்டுத் தடவை இந்த முறையில் ஆலோசனை வழங்கினார்கள். 2017இல் முடிவு வெளிவந்தது. மூன்று மாதத்தில், ஆலோசனை பெற்றவர்களில் 100க்கு 64 பேர் தேறியிருந்தார்கள். வழமையான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 பேர். பெரிய ஆஸ்பத்திரி தேவைப்படவில்லை. உட்கார்ந்து கேட்டு, சின்ன வேலையொன்றைச் சேர்ந்து தெரிவுசெய்து, அடுத்த கிழமை "எப்படிப் போச்சு?" என்று விசாரிக்க ஒரு ஆள் இருந்தால் போதுமாக இருந்தது.

பழமொழியோடு எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான். மனமுண்டானால் மார்க்கமுண்டு என்பது சுகமான ஆட்களுக்குச் சரி. சோர்ந்தவருக்கு மார்க்கத்தை முதலில் காட்ட வேண்டியிருக்கிறது. மனம் பிந்தித்தான் வரும்.

பயிற்சியே மருந்தாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் 1999இல் வந்த ஆய்வு ஒன்றில், மனச்சோர்வு உள்ள, 50 வயதுக்கு மேற்பட்ட 156 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மருந்து, ஒரு குழுவுக்குப் பயிற்சி, ஒரு குழுவுக்கு இரண்டும். 16 கிழமை முடிவில் மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன. மருந்து சற்று முந்திக் கேட்டது. இதை வைத்து யாரும் குளிசையை நிறுத்த வேண்டாம். அந்த ஆய்வில் இருந்தவர்களைக் கிழமைக்கு மூன்று நாள் கூட்டி வைத்துப் பயிற்சி செய்வித்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. அவர்களுக்கும் மணியும் வரிசையும் தோழியும் இருந்தன!

இன்னொரு பக்கமும் உண்டு. "மனம் வருதில்ல" என்று ஒரு பெண் சொன்னால், மனதைப் பார்க்க முன்னர் இரத்தத்தைப் பாருங்கள். இரத்தச்சோகை, தைரொயிட் குறைவு, நித்திரைக் குறைவு, மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்கள் எல்லாம் இதே வசனத்தோடுதான் வரும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களை விட ஏறக்குறைய இருமடங்கு. பிள்ளை பெற்ற வீட்டில் வரும் சோர்வை "பச்சை உடம்பு, அப்படித்தான்" என்று விட்டுவிடவும் கூடாது.

எவ்வளவு நடப்பது? கிழமைக்கு 150 நிமிடம் முதல் 300 நிமிடம் வரை மிதமான அசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2022இல் உலகில் வளர்ந்தவர்களில் 100க்கு 31 பேர் அந்தக் குறைந்த அளவைக்கூட எட்டவில்லை. ஆண்களை விடப் பெண்களில் அது கூட. ஆனால் சோர்ந்த ஆளிடம் 150 என்ற எண்ணைச் சொல்வது மலையைக் காட்டுவது போன்றது. நான் இப்போது பத்து நிமிடத்துக்கு மேல் எழுதுவதில்லை. வேகமும் முக்கியம். மூச்சு வாங்க வாங்கச் செய்யும் பயிற்சியில் பெரும்பாலானவர்களுக்கு மனம் இறங்குகிறது; இதமாகச் செய்யும்போது ஏறுகிறது. செய்யும் நேரம் நன்றாக இருந்தால்தான் அடுத்த நாளும் செய்வோம், அடுத்த வருடமும் செய்வோம். நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்பது வைத்தியர்கள் சொல்லும் அளவு. பாடுவதை எங்கள் ஊரில் மீனிடம் விட்டுவிடலாம்.

படுவான்கரையில் இருந்து வரும் ஒரு ஆச்சி ஒருநாள் என்னைக் கேட்டா: "வயலுக்கும் வீட்டுக்கும் நடக்கிறதெல்லாம் நடையில்லையா டொக்டர்?" நடைதான் ஆச்சி, அதுதான் உண்மையான நடை என்றேன். ஆனால் அவவுடைய மகள் வயலுக்குப் போவதில்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு ஓடத்துக்குக் காத்து நின்ற காலமும் போய்விட்டது. மோட்டார் சைக்கிளில் ஏறினால் எழுவான்கரை. நல்லதுதான். பிரசவ வலியோடு ஓடத்தடியில் காத்திருந்த தாய்மாரை நினைத்தால் அந்தப் பாலத்துக்கு எதிராக நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். வாழ்க்கைக்குள் தானாக இருந்த நடை வெளியே போய்விட்டது, இப்போது அதைத் தனியாகத் தேட வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். அப்படித் தேடும்போதுதான் மனம் என்ற பிரச்சினையே வருகிறது.

எல்லாவற்றையும் மனதின் தலையில் போடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பெண் விடிய ஐந்தரைக்குத் தனியாக றோட்டில் நடந்தால், "எங்க போறாய்?" என்று கேட்க ஒவ்வொரு வேலியிலும் ஒரு ஆள் இருக்கிறது. விதவையாக இருந்தால் அந்தக் கேள்விக்கு இன்னொரு தொனியும் உண்டு. மின்விளக்கு இல்லாத ஒழுங்கை, நாய், கச்சான் காற்றுக் காலத்து வெக்கை, சேலையோடு சப்பாத்துப் போட்டால் சிரிக்கும் பிள்ளைகள். இவ்வளவையும் தாண்டிப் போக மலையளவு மனம் வேண்டும். இவற்றில் பாதி, மூன்று பேர் சேர்ந்து போனால் தீர்ந்துவிடும். மூன்று பெண்கள் சேர்ந்து நடந்தால் "எங்க போறீங்க?" என்பதற்குப் பதிலாக "நாளைக்கு நானும் வரட்டா?" என்ற கேள்விதான் வருகிறது. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கப்போகும் தங்கைமாருக்கும் ஒன்று. ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் டிசம்பரில் நேரத்தோடேயே இருட்டிவிடுகிறது. வேலைக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு என்கிறீர்கள். அந்தக் காலத்துச் சோர்வுக்கு வைத்தியத்தில் பெயரும் உண்டு, சிகிச்சையும் உண்டு. உங்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள். என் தோழி ஒருத்தி லண்டனில் மதிய இடைவேளையில் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து இங்கே அம்மாவுக்கு அழைப்பாள். அங்கே பன்னிரண்டு மணி என்றால் குளிர்காலத்தில் இங்கே பின்னேரம் ஐந்தரை. அம்மா வளவுக்குள் தென்னைகளைச் சுற்றி நடப்பா, மகள் அங்கே தெருவில் நடப்பாள். கால் மணித்தியாலம். கதையில் பாதி சண்டைதான் என்கிறாள். இருந்தாலும் ஒருநாள் மகள் எடுக்காவிட்டால் அம்மா இங்கிருந்து எடுத்துவிடுவா.

என்னைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு நேர்மையாக இராது. என் அம்மா இறந்த பிறகு ஏழு மாதம் நான் நடக்கவில்லை. கிளினிக்கில் மற்றவர்களுக்கு நடக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து காரிலேயே சில நேரம் இறங்காமல் இருந்திருக்கிறேன். வேலை, களைப்பு, மழை என்று என் வாயிலும் அதே பதில்கள்தான். இவ்வளவு ஆய்வையும் வாசித்திருந்தும் ஒன்றும் உதவவில்லை. எட்டாவது மாதம், இந்தப் பாடசாலை வலைப்பந்து அணியில் என்னோடு ஆடிய ஒருத்தி ஸ்கூட்டியில் வந்து வாசலில் நின்றாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லா இருக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருப்பேன். "செருப்பைப் போட்டுட்டு வா, சந்தி மட்டும்" என்றாள். சந்தி மட்டும் போனோம். அவள் தன் மாமியாரைப் பற்றிக் கதைத்தாள். நான் ஒன்றும் கதைக்கவில்லை. அடுத்த நாளும் வந்து நின்றாள். மூன்றாவது கிழமை என்று நினைக்கிறேன், அவள் வரப் பிந்தியபோது நான் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். எனக்கு மனம் திரும்பி வந்தது அப்போதுதான் தெரிந்தது.

அவள் இன்றைக்கு இங்கே இருக்கிறாள். பெயரைச் சொன்னால் கொன்றுவிடுவாள்.

ஒரு எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டு கிழமைக்கு மேல் மனம் இறங்கியே இருந்தால், நித்திரையும் சாப்பாடும் குழம்பினால், எதிலும் பிடிப்பில்லாவிட்டால், அது நடந்து தீர்க்கும் அளவைத் தாண்டியிருக்கலாம். வைத்தியரிடம் காட்டுங்கள். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். மனநலப் பிரிவுக்குப் போவதை யாராவது கண்டுவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்கள், என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லிக்கொண்டு வாருங்கள். நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

நான் எந்த அக்காவையும் நாளையிலிருந்து 30 நிமிடம் நடக்கச் சொல்லப் போவதில்லை. உங்கள் வகுப்பில் படித்த ஒருத்தி, கொஞ்ச நாளாகக் கலியாண வீடுகளுக்கும் வராமல், தொலைபேசிக்கும் பதில் சொல்லாமல் இருக்கிறாள் என்றால், அவளுடைய வாசலுக்கு ஒருக்கால் போய் நில்லுங்கள்.

ஞாயிறு விடிய ஐந்தரைக்கு நானும் ஏழெட்டுப் பேரும் பழைய கல்லடிப் பாலத்தடியில் நிற்போம். பாலத்தின் அந்தத் தொங்கல் மட்டும் போய்க் கிறுகி வருவதுதான். சேலையோடும் வரலாம், செருப்போடும் வரலாம். மழை என்றால் இல்லை. பிளாஸ்கில் தேத்தண்ணி மட்டும் மழைக்கும் உண்டு.